மாத்திரை வருகிறது, லிஃப்ட் வருவதில்லை

அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வாங்கிய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால், அது தமிழ்நாடு அரசின் வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கினாலும் சரி, சென்னை சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் வாங்கினாலும் சரி, சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் ஒரே வழியில்தான் வந்திருக்கும். டெண்டரில் விலை முடிவாகி, ஆய்வகத்தில் சோதனை முடிந்து, மாவட்டக் கிடங்கில் கணக்கில் ஏறி, அதற்குப் பிறகே அது மருந்தாளுநரின் ஜன்னலுக்கு வருகிறது. அதே மருத்துவமனையின் மூன்றாவது மாடிக்கு நோயாளியை ஏற்றிச் செல்ல வேண்டிய லிஃப்ட் பழுதாகிக் கிடந்தால், எப்போது சரியாகும் என்று டீனிடம் கேட்டுப் பாருங்கள். 'பி.டபிள்யூ.டி.க்கு எழுதியிருக்கிறோம்' என்பார். பொய்யில்லை, எழுதித்தான் இருப்பார். அதற்கு மேல் அவரால் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

அரசு மருத்துவமனைகளைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் இரண்டு தடங்களில் ஓடும். ஒன்று, ஆட்கள் சரியில்லை: டாக்டர் நேரத்துக்கு வருவதில்லை, நர்ஸ் எரிந்து விழுகிறார், ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேட்கிறார்கள். மற்றொன்று, பணம் போதவில்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்குத் தமிழ்நாடு ஒதுக்கியது ரூ.21,906 கோடி, அது போதுமா என்று வாதிட இடமுண்டு. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால், மருத்துவமனைக்குள் எதை முடிவுசெய்ய யாருக்கு அதிகாரம், அந்த முடிவுக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வியை இரண்டுமே தாண்டிப் போய்விடுகின்றன. அதிகாரமும் பதில் சொல்லும் கடமையும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிற வேலைகளைத் தமிழ்நாடு மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப்போகிற அளவுக்குச் செய்திருக்கிறது. அவை பிரிந்து கிடக்கிற வேலைகளில் தாத்தா சொன்ன புகாரையே பேரனும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மருந்தையே எடுத்துக்கொள்வோம். 1990-களின் தொடக்கம் வரை, 'மருந்து இல்லை, வெளியே வாங்கிக்கோ' என்பது அரசு மருத்துவமனைகளில் அன்றாடம் காதில் விழும் பேச்சு. பணம் ஒதுக்காததால் மட்டும் வந்த நிலை இல்லை அது. தேவைப்படாதது ஸ்டோரில் அடுக்கிக் கிடக்கும். தினமும் தேவைப்படுவது தீர்ந்திருக்கும். மருந்து கொடுத்த கம்பெனிக்குப் பணம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நல்ல கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. தாமதத்துக்கான தொகையையும், ஆங்காங்கே 'கவனிக்க' வேண்டிய தொகையையும் விலையில் சேர்த்துப் போடத் தெரிந்தவர்கள் உள்ளே வந்தார்கள். கொள்முதல் முறைகேடு பற்றிய புகார்கள் பெரிதான பிறகு, 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு நிறுவனமாகப் பதிவானது. அதை வடிவமைத்ததில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர்.பூர்ணலிங்கத்தின் பங்கு பெரியது.

கழகம் செய்தவற்றைச் சொன்னால் மிகச் சாதாரணமாக இருக்கும். அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலைச் சுருக்கியது. பிராண்டு பெயரை விட்டு மூலமருந்தின் பெயரில் வாங்கியது. இடைத்தரகர்களை ஒதுக்கி உற்பத்தியாளர்களிடம் மட்டும் டெண்டர் கேட்டது. தொழிற்சாலையின் தகுதியைக் காட்ட ஓர் உறை, விலைக்கு இன்னோர் உறை. முதல் உறையில் தேறாதவரின் இரண்டாவது உறையைப் பிரிக்க மாட்டார்கள். கிடங்குக்கு வரும் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால் பணம் உண்டு. தேறாவிட்டால் சரக்கு திரும்பிவிடும். மீண்டும் மீண்டும் தவறினால் கம்பெனியின் பெயர் கறுப்புப் பட்டியலுக்குப் போகும். மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக் தருவார்கள். அந்த மருத்துவமனையின் ஆண்டு மருந்து ஒதுக்கீடு அதில் வரவாக இருக்கும். கிடங்கிலிருந்து எடுக்க எடுக்கக் கழியும். பட்டியலில் உள்ளவற்றில் எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை அந்த மருத்துவமனையே முடிவுசெய்யும். ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளவும் இடம் வைத்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் எதையும் யாருடைய நல்ல மனதையும் நம்பி விடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சோதிப்பவருக்கு யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்றே தெரியாது. பிறகு யார் வந்து அவரைக் கவனிப்பது? விலையை முடிவுசெய்பவர் ஒருவர், அளவை முடிவுசெய்பவர் வேறொருவர். இருவரும் சேர்ந்து கணக்கைக் கூட்டவும் முடியாது. கேரளம் 2007-08 வாக்கில் தனக்கென ஒரு கழகத்தை அமைத்தது. ராஜஸ்தான் 2011 அக்டோபரில் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது இதே அச்சில் தன் கழகத்தை வார்த்துக்கொண்டது. தமிழ்நாட்டுக் கழகத்தின் மீதும் புகார்கள் உண்டு. 'சப்ளை இல்லை' என்று மருந்தாளுநர் கைவிரிக்கும் நாட்கள் இன்றும் வருகின்றன. ஆனால், அப்போதுகூட எந்தக் கிடங்கில் எது எவ்வளவு இருக்கிறது என்று கணினியில் பார்த்துக் கேள்வி கேட்கலாம். இன்று இரவு மகப்பேறு வார்டில் எத்தனை நர்ஸ்கள் இருக்கிறார்கள் என்று யாரும் அப்படிப் பார்த்துக் கேட்க முடியாது.

இனி ஒரு கர்ப்பிணியின் வழியைப் பார்ப்போம். கிராம சுகாதார செவிலியர் பதிவுசெய்து, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்கித் தருகிறார். அவர் பொது சுகாதார இயக்குநரகத்தைச் சேர்ந்தவர். எட்டாம் மாதம் ரத்தக்கொதிப்பு கூடுகிறது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் தாலுகா மருத்துவமனைக்கு ரெஃபர் செய்கிறார். அது மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கையில் இருக்கிறது. அன்று அங்கே மயக்க மருந்து நிபுணர் விடுப்பில் இருக்கிறார். 108-இல் ஏற்றி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்; அது மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் எல்லை. ஒரே மாவட்டத்துக்குள் அந்தப் பெண் மூன்று இயக்குநரகங்களைக் கடந்துவிட்டாள். மூன்றின் தலைமையும் சென்னையில். மாவட்டத்தில் இருக்கும் சுகாதார அலுவலர், நலப்பணிகள் இணை இயக்குநர், டீன் ஆகிய மூவரில் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. ரெஃபர் சீட்டை எழுதியவருக்கு, போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள முறையான வழியும் கிடையாது. தெரிந்த டாக்டருக்கு போன் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவு பிளவுக்கு நடுவிலும் தாய்மார் இறப்பைக் குறைத்ததில் தமிழ்நாடு முன்னணியில் இருக்கிறது. 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. குழந்தை பிறப்பதில் கிட்டத்தட்ட எல்லாமே இங்கு மருத்துவமனைகளில்தான்; 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி மூன்றில் இரண்டு பிரசவம் அரசு மருத்துவமனைகளில் நடக்கிறது. இதற்கு நிதியுதவித் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை அமர்த்தி இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கச் செய்தது, சிக்கலான பிரசவங்களுக்கான சீமாங்க் மையங்கள் என்று பல காரணங்கள் உண்டு. நான் நிர்வாகக் காரணம் ஒன்றைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன்: தாய்மார் இறப்புத் தணிக்கை.

ஒரு தாய் இறந்தால், அது எந்த இயக்குநரகத்தின் கட்டிடத்தில் நடந்திருந்தாலும், மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஆய்வு நடக்கும். அந்த மேசையைச் சுற்றித்தான் மூன்று இயக்குநரகங்களின் ஆட்களும் ஒன்றாக உட்காருகிறார்கள். இறந்தவரின் உறவினரையும் அழைத்துக் கேட்பார்கள். வலி எப்போது வந்தது? வண்டி எத்தனை மணிக்கு வந்தது? எந்த மருத்துவமனையில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள்? ரத்தம் இருந்ததா? இரவு டியூட்டியில் யார்? வீட்டில் தாமதமா, வழியில் தாமதமா, மருத்துவமனைக்குள் தாமதமா என்று பிரித்துப் பார்ப்பது இதன் அடிப்படை. இதில் குறைகளும் இல்லாமலில்லை. விசாரணைக் கூண்டில் நிற்பதுபோல் நடத்துகிறார்கள் என்று மருத்துவர்கள் வருந்துகிறார்கள். 'நம் கணக்கில் சாக வேண்டாம்' என்று சிக்கலான கேஸை அவசர அவசரமாக அடுத்த மருத்துவமனைக்குத் தள்ளிவிடும் வழக்கமும் இதன் பக்கவிளைவுதான். என்றாலும், மூன்று துறைகள் ஒரு மரணத்துக்குச் சேர்ந்து பதில் சொல்லும் இடமாக அது இருக்கிறது. மாரடைப்பில் வந்தவர் இறந்தால், விபத்தில் அடிபட்டவர் இரண்டு மருத்துவமனைகள் மாறி இறந்தால், அப்படி உட்கார்ந்து பேசும் மேசை பெரும்பாலும் கிடையாது.

டீன் கதைக்கு வருவோம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தலைவர் அவர்தான். சட்டமன்ற உறுப்பினர் கேட்டாலும், டி.வி. நிருபர் மைக்கை நீட்டினாலும், இறந்தவரின் உறவினர் மறியல் செய்தாலும் முன்னால் வந்து நிற்க வேண்டியவர் அவர். ஆனால் கட்டிடமும் மின்சாரமும் பொதுப்பணித் துறையிடம். நிரந்தர டாக்டர், நர்ஸ் நியமனம் 2012-இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்திடம். மாறுதல் இயக்குநரகத்திடமும் கோட்டையிடமும். துப்புரவும் காவலும் ஒப்பந்த நிறுவனத்திடம். அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவரில்லை. பந்திப் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, சமையலறைச் சாவியை இன்னொருவர் இடுப்பில் செருகிவைத்த கல்யாண வீடு மாதிரிதான்.

டீன் ஆகிற விதமும் இதற்குத் தோதாகவே இருக்கிறது. பணிமூப்புப் பட்டியலில் மேலே ஏறி வருகிறவர் அந்த நாற்காலிக்கு வரும்போது ஓய்வுக்குச் சிறிது காலமே மிச்சமிருக்கும். மருத்துவமனையின் வயரிங் எந்த மாடியில் பழசு, எந்தத் துறையில் யாருக்கும் யாருக்கும் ஆகாது என்று புரிவதற்குள் வழியனுப்பு விழா வந்துவிடும். பல ஆண்டுகள் கத்தி பிடித்த அறுவைசிகிச்சைப் பேராசிரியர் ஒருவரை ஒரே நாளில் ஆயிரக்கணக்கான ஊழியர்களின் நிர்வாகியாக மாற்றுகிறோம். நிர்வாகம் என்பது தனியாகக் கற்க வேண்டிய ஒன்று என்றே நாம் நினைப்பதில்லை. அந்த நாற்காலியும் எப்போதும் நிரம்பியிருப்பதில்லை. 2024-இல் பல அரசு மருத்துவக் கல்லூரிகள் மாதக்கணக்கில் பொறுப்பு டீன்களை வைத்து ஓட்டின. செப்டம்பரில்தான் ஒரே நேரத்தில் 14 பேரை நியமித்தார்கள். பொறுப்பு டீன் என்றால், தன் துறையையும் பார்த்துக்கொண்டு கையெழுத்தும் போடுகிறவர். பெரிய முடிவு எதையும் அவர் எடுக்க மாட்டார். எடுக்காததற்காக அவரைக் குறைசொல்லவும் முடியாது.

2019 மே 7 அன்று மாலை மதுரையில் காற்றும் மழையும். அரசு ராஜாஜி மருத்துவமனையின் விபத்துப் பிரிவுக் கட்டிடத்தில் மின்சாரம் போனது; ஜெனரேட்டர் கைகொடுக்கவில்லை. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். மின்தடைதான் காரணம் என்றார்கள் உறவினர்கள். நோயாளிகள் ஏற்கெனவே கவலைக்கிடமாக இருந்தவர்கள், வென்டிலேட்டரில் பேட்டரி இருந்தது என்று மறுத்தது மருத்துவமனை நிர்வாகம். எது உண்மை என்ற வாதத்தை விடுவோம். ஜெனரேட்டரைக் கடைசியாக ஓட்டிப் பார்த்தது யார், எப்போது, அதை யார் கையெழுத்திட்டுச் சரிபார்த்தார்கள் என்ற கேள்விக்கு, உயிர்காக்கும் கருவிகள் ஓடும் ஒரு கட்டிடத்தில் அந்த நிமிடமே பதில் இருந்திருக்க வேண்டும். ஐ.சி.யூ.வின் பொறுப்பு ஒரு துறையிடமும் அதன் மின்சாரம் இன்னொரு துறையிடமும் இருக்கும்வரை அந்தக் கையெழுத்து இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழுந்து கிடக்கும்.

சாத்தூர் அதைவிடக் கசப்பானது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. கொடையாளர் 2016-லேயே ஒருமுறை ரத்தம் கொடுத்து, அப்போதே சோதனையில் தொற்று தெரிந்திருந்தது. அவருக்கு அது போய்ச் சேரவில்லை. உறவினர் ஒருவருக்காக நல்லெண்ணத்தோடு மீண்டும் வந்து கொடுத்தார். தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் தானே வந்து சொன்னவரும் அவர்தான். பிறகு தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆய்வக ஊழியர்கள் மீது உடனே நடவடிக்கை பாய்ந்தது. அவர்கள் தவறு செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளாக ஒரு நோட்டில் கிடந்த தகவல், வரவேண்டிய ஆளுக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி ஆய்வக மேசையோடு முடிகிற கேள்வியா? விபத்து நடந்ததும் கீழே இருக்கும் ஒருவரை சஸ்பெண்ட் செய்வது நம் நிர்வாகத்தில் பதில் சொல்வதற்குச் சமமாகிவிட்டது. அதைச் செய்தால் மறுநாள் செய்தி அடங்கிவிடும். நோட்டு அப்படியே இருக்கும்.

இப்போது அந்த ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் விஷயம். குழந்தையை வெளியே கொண்டுவந்து காட்டும்போது ஆண் என்றால் ஒரு தொகை, பெண் என்றால் அதைவிடக் குறைவு. ஸ்ட்ரெச்சர் தள்ள, டிரிப்ஸ் மாற்ற, பிணவறையிலிருந்து உடலை வாங்க என்று ஊருக்கு ஊர் ஒரு விலைப்பட்டியல் உண்டு. வாங்குகிறவர்களை எல்லாரும் திட்டுகிறோம். வாங்குவது தவறுதான்; ஏழையிடம் வாங்குவது கொடுமை. அவர்களில் பலர் யாருடைய ஊழியர் என்பதையும் பார்க்க வேண்டும். மருத்துவமனையின் ஊழியர் இல்லை; டெண்டர் எடுத்த நிறுவனத்தின் ஆள். டீன் அவரைக் கண்டிக்கலாம். அதிகபட்சம் வேறு வார்டுக்கு அனுப்பச் சொல்லலாம். சம்பளம் கைக்கு எவ்வளவு வருகிறது, பிடித்தம் எவ்வளவு, வார விடுப்பு உண்டா என்று கேட்கும் இடத்தில் டீன் இல்லை. டெண்டரில் கேட்ட ஆள்பலமும் வார்டில் நிற்கிற ஆள்பலமும் ஒன்றுதானா என்று தினமும் எண்ணிப் பார்க்கிறவர் யார்? மருந்து பேட்ச்சுக்கு உள்ள எண்ணும் சோதனையும் இங்கே இல்லை.

நர்ஸ்கள் தேர்வெழுதி அரசால் தேர்வு செய்யப்பட்டவர்கள். ஆனால் 2015-இல் தேர்வு வாரியம் ஆயிரக்கணக்கானோரை எடுத்தபோது மாதம் ரூ.7,700 தொகுப்பூதியம், இரண்டாண்டில் காலமுறை ஊதியம் என்பது அவர்கள் நம்பி வந்த சொல். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியதை மறந்திருக்க மாட்டோம். பின்னர் தொகை உயர்ந்தது, கொஞ்சம் கொஞ்சமாக நிரந்தரமும் ஆனார்கள். காத்திருப்பு மட்டும் பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. கொரோனா காலத்தில் அவசரத்துக்கு எடுத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. ஒரே வார்டில், ஒரே இரவு டியூட்டியில், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு நர்ஸ்களில் ஒருவரின் சம்பளம் மற்றவருடையதில் பாதிகூட இல்லை என்றால், அங்கே யாரை யார் வேலை வாங்குவது? எரிந்து விழுவதற்கு நியாயம் கற்பிக்கவில்லை. எங்கிருந்து எரிகிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

மருத்துவர்களின் மாறுதல்தான் இந்தக் கட்டமைப்பின் உள்ளறை. கலந்தாய்வு நடக்கிறது, காலியிடங்களைத் திரையில் காட்டி, முன்னுரிமைப்படி தேர்வு செய்யவும் சொல்கிறார்கள். பல மாநிலங்களில் இதுகூட இல்லை. ஆனால் கலந்தாய்வுக்கு முன்னும் பின்னும் 'நிர்வாக நலன் கருதி' என்ற ஆணைகள் வரும். அதோடு டெபுடேஷன். ஓர் ஊரில் பணியிடம், சம்பளம். இன்னோர் ஊரில் வேலை. தாளில் பார்த்தால் அந்தத் தாலுகா மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர் இருக்கிறார். அதனால் காலியிடம் என்று காட்ட முடியாது, புதியவரும் வர மாட்டார். நேரில் போனால் ஆள் இல்லை. எட்டாம் மாதத்துக் கர்ப்பிணி 108-இல் ஏறுவது இப்படித்தான்.

இதைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்ட மருத்துவர்களுக்கு என்ன நடந்தது? 2019 அக்டோபர் கடைசியில் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களின் கோரிக்கைகளில் ஊதியம் மட்டும் இல்லை. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவர் பணியிடங்கள் வேண்டும் என்பதும், பட்டமேற்படிப்பு முடித்தவர்களுக்குக் கலந்தாய்வு மூலம் பணியிடம் வேண்டும் என்பதும் இருந்தன. இரண்டுமே நோயாளிக்கு நேரடியாகப் பயன் தரக்கூடியவை. போராட்டத்தில் ஈடுபட்ட நூறுக்கும் மேற்பட்ட மருத்துவர்களுக்கு மாறுதல் ஆணை போனது. அந்த மாறுதல்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020-இல் ரத்து செய்தது. மாறுதல் தண்டனையாகப் பயன்படும் இடத்தில், மாறுதலைத் தவிர்ப்பது சலுகையாகவும் பயன்படும். மருந்துக் கொள்முதலைக் கழகத்திடம் விட்டுக்கொடுத்த அரசியல், மாறுதல் அதிகாரத்தை மட்டும் இறுகப் பிடித்திருப்பதில் வியப்பில்லை. மாத்திரைக்கு மாவட்டச் செயலாளர் தயவு தேவையில்லை; மனிதர்களுக்குத் தேவைப்படுகிறது.

இந்த ஓட்டைகளோடுதான் விரிவாக்கமும் நடந்தது. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. இன்று 36 இருக்கின்றன. இது பெரிய சாதனைதான். கிருஷ்ணகிரியிலும் கள்ளக்குறிச்சியிலும் எம்.பி.பி.எஸ். படிக்க முடிகிறது என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் கல்லூரி வந்ததும் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஓர் இயக்குநரகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும்; தலைமை மருத்துவமனை என்ற தகுதி வேறு ஊருக்கு நகரும். மதுரை மாவட்டத்துக்கு உசிலம்பட்டி, கோவைக்குப் பொள்ளாச்சி, தூத்துக்குடிக்குக் கோவில்பட்டி என்று ஆனது அப்படித்தான். பெயர்ப்பலகை நகர்ந்த வேகத்தில் நிபுணர்கள் நகரவில்லை. ஆய்வுக்குழு வரும்போது ஒரு கல்லூரியின் பேராசிரியர்களை இன்னொன்றில் கொண்டுபோய் உட்காரவைப்பது பழைய வித்தை. ஆதார் வழி வருகைப்பதிவு வந்த பிறகு அது செல்லாமல் போனது. 2025-இல் தேசிய மருத்துவ ஆணையம் தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசுக் கல்லூரிகளிடம் விளக்கம் கேட்டது அதனால்தான். ஆணையத்தின் கணக்கு எல்லாம் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் எங்கே இருக்கிறார் என்று ஒரு கருவி சொன்னதும் நாம் திணறிப்போனோம் என்பது உண்மை.

டீனின் கையில் கொஞ்சம் பணமும் கொஞ்சம் உரிமையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சோதனை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனை செய்யும் சிகிச்சைக்கும் காப்பீட்டுத் தொகை வருகிறது. அதில் ஒரு பங்கு சிகிச்சை செய்த குழுவுக்கு ஊக்கத்தொகை. மீதி மருத்துவமனையின் தேவைகளுக்கு. மூட்டு மாற்று அறுவைசிகிச்சைக்கு வேண்டிய உள்வைப்புப் பொருள்களும், வார்டுக்கு வேண்டிய பல சாமான்களும் இந்தப் பணத்தில் வந்தவை. நல்ல டீன் இருந்த இடங்களில் இந்தக் கணக்கு ஒரு மருத்துவமனையின் முகத்தையே மாற்றியிருக்கிறது. இதற்கும் ஒரு கோணல் உண்டு: காப்பீட்டு அட்டை உள்ள நோயாளி வேகமாக மேசைக்குப் போகிறார், வருமானச் சான்றுக்காக வி.ஏ.ஓ. அலுவலகத்தில் மகன் காத்துக் கிடக்க, அட்டை இல்லாதவர் கட்டிலில் காத்துக் கிடக்கிறார். இலவச மருத்துவமனைக்குள் காப்பீடு ஒரு புதிய வரிசையை உண்டாக்கிவிட்டது.

கேரளத்தைச் சுட்டிக்காட்டுவது நமக்குப் பிடிக்காது, அவர்களுக்கும் நம்மைச் சுட்டிக்காட்டுவது பிடிக்காது. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990-களில் அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மாவட்ட மருத்துவமனை வரை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தார்கள். கூரை ஒழுகினால் கேட்பதற்குப் பஞ்சாயத்துத் தலைவர் தெருவிலேயே கிடைப்பார். மருத்துவக் கல்லூரிகள் மட்டும் மாநில அரசிடமே இருக்கின்றன. 2025-இல் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் சிறுநீரியல் (யூராலஜி) துறைத் தலைவர், கருவி இல்லாமல் அறுவைசிகிச்சைகள் தள்ளிப்போகின்றன என்று பொதுவெளியில் எழுதிக் கேரள அரசியலையே உலுக்கியது, அப்படி மாநிலத் தலைநகரத்தின் நேரடிப் பிடியில் உள்ள ஒரு மருத்துவமனையிலிருந்துதான். கருவிக்காக உள்ளே எழுதி எழுதிச் சலித்தவர், கடைசியில் ஃபேஸ்புக்கில் எழுதினார். கோப்பு நகர்வதற்கு அதுதான் வழி என்று ஆகிவிட்டால், எந்த மாநிலத்துக்கும் பெருமை இல்லை.

தமிழ்நாட்டில் மருத்துவமனையின் மேசையில் ஊர்க்காரர்களுக்கு ஒரு நாற்காலி தாளில் இருக்கிறது. 2005-இல் தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் வந்தபோது உருவான நோயாளர் நலச் சங்கங்கள் அவை. சிறு பழுதுகளுக்கும் அவசரத் தேவைகளுக்கும் அவை செலவிடலாம். உங்கள் ஊர் மருத்துவமனையில் அந்தச் சங்கத்தில் யார் உறுப்பினர், கடைசிக் கூட்டம் எப்போது, எவ்வளவு பணம் எதற்குச் செலவானது என்று தெரிந்தவர்கள் இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் 2024 நவம்பரில் நோயாளி ஒருவரின் மகன், மருத்துவரைக் கத்தியால் குத்தினான். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு பேசியது பெரும்பாலும் காவலர், கேமரா, சோதனை, பார்வையாளருக்குக் கையில் பட்டை இவை பற்றித்தான். தன் தாயின் சிகிச்சை பற்றி ஒருவருக்கு ஐயம் வந்தால், டியூட்டி டாக்டருக்கு மேலே யாரிடம், எந்த அறையில், எத்தனை மணிக்குப் போய்ப் பேசுவது என்பது இன்றும் பெரும்பாலான மருத்துவமனைகளின் சுவரில் எழுதப்படவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய புரட்சி எதுவும் இல்லை. டீனாகிறவருக்கு ஓய்வுக்கு முன் குறைந்தது மூன்றாண்டு மிச்சமிருக்க வேண்டும். கூடவே முழுநேர மருத்துவமனை நிர்வாகி ஒருவர் வேண்டும். ஒரு வரம்புத் தொகை வரை லிஃப்ட், ஜெனரேட்டர், ஏ.சி., கழிப்பறைக் குழாய் பழுதுகளை மருத்துவமனையே வெளியாளை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பொதுப்பணித் துறை அதைத் தணிக்கை செய்தால் போதும். ஒப்பந்த நிறுவனத்துக்குப் பணம் போவதற்கு முன் வார்டு வாரியாக ஆள்கணக்கில் தலைமைச் செவிலியர் கையெழுத்திட வேண்டும். அவர் கையெழுத்திடாவிட்டால் பில் நிற்க வேண்டும். மாவட்டத்தில் மூன்று துறைகளும் மாரடைப்புக்கும் விபத்துக்கும் சேர்ந்து உட்கார, தாய்மார் இறப்புக்கு உள்ள அந்த மேசையையே கொஞ்சம் நீட்டலாம்.

இவற்றில் சிலவற்றுக்கு விதியைத் திருத்த வேண்டும், சிலவற்றுக்கு நிதித்துறை சம்மதிக்க வேண்டும், காலம் பிடிக்கும். ஒன்றை மட்டும் அடுத்த கலந்தாய்வுக்கு முன்பே செய்யலாம். கலந்தாய்வுக்கு வெளியே போடும் ஒவ்வொரு மாறுதல் ஆணையையும், ஒவ்வொரு டெபுடேஷனையும், ஆள் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிறார், என்ன காரணம், எந்தத் தேதி வரை என்ற விவரத்தோடு துறையின் இணையதளத்தில் வெளியிடச் சொல்லலாம். அதற்குச் சட்டமன்றம் கூட வேண்டாம், பட்ஜெட் வேண்டாம், டெல்லியின் அனுமதியும் வேண்டாம். துறைச் செயலாளரின் ஒரு கையெழுத்து போதும்.